ஐந்தடி நாலங்குலம், ஐந்து இடம்

மும்பையில் எந்தக் கல்லூரிக் கால்பந்து அணியை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு 'சோட்டு' இருப்பான். அவனுடைய நிஜப் பெயர் சில சமயம் பயிற்சியாளருக்கே மறந்து போயிருக்கும். அணியின் புகைப்படத்தில் முன்வரிசையில், பந்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தான். முதலாம் ஆண்டில் ரைட் விங்கில் ஆடியிருப்பான். இரண்டாம் ஆண்டில் லெஃப்ட் பேக் ஆட்டக்காரனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட, அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டிருப்பான். பல்கலைக்கழகப் போட்டியின்போது நடுக்களத்தில் ஆள் குறைந்திருக்கும். அங்கேயும் அவன்தான் போயிருப்பான். எங்கே நிறுத்தினாலும் ஒப்பேற்றுகிறவன் அல்ல, உருப்படியாக ஆடுகிறவன்.

அவனைத் தமிழனாகக் கற்பனை செய்துகொள்வதில் சிரமமில்லை. வீடு தாராவியில், தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். கல்லூரி மாட்டுங்காவில். மாலையில் கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கிப் பயிற்சிக்குப் போகிறான். வயது 20. உயரம் ஐந்தடி நாலங்குலம். இதுவரை ஆடிய இடங்கள் ஐந்து. இரவு ஒன்பது மணிக்குச் சகதி பூசிய காலோடு வீட்டுக்குள் நுழைகிறவனிடம் அம்மா கேட்கிற கேள்வி, மூன்று தலைமுறைகளாக எல்லா விளையாட்டுக்காரர்களின் வீட்டிலும் கேட்கப்படுவதுதான்: "ஏலே, இது சோறு போடுமா?"

அந்தக் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது. ஒரு தொழில்முறை அணி அவனைச் சேர்த்துக்கொள்ளுமா இல்லையா என்பதில்தான் பதில் இருக்கிறது. தேர்வுக்கு வரும் பையனிடம் அணிகள் கேட்கும் கேள்விகளும் இரண்டே: உயரம் எவ்வளவு? எந்த இடத்தில் ஆடுவாய்? இரண்டுக்குமே இவனிடம் திருப்தியான பதில் இல்லை. முதல் கேள்விக்கு அவன் சொல்லும் எண் போதவில்லை. இரண்டாவதற்கு அவன் சொல்லும் பதில் அளவுக்கு மீறியிருக்கிறது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பையனின் தலைவிதி எல்லோரும் பார்க்க, பகிரங்கமாகத் தீர்மானிக்கப்படும். அங்கே கல்லூரிதான் தொழில்முறை விளையாட்டின் வாசல். ஆண்டுக்கொரு முறை 'டிராஃப்ட்' நடக்கும். சென்ற ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு என்ற கணக்கில், அணிகள் வரிசையாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொள்ளும். கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய கால்பந்தில் உடல் பருமன்தான் மூலதனம். ஆனால் அங்கேகூட டேரன் ஸ்புரோல்ஸ் என்ற ஐந்தடி ஆறங்குலக்காரர் 2005-இல் 130-வது ஆளாகத் தேர்வானார். ஓடுவார், பந்தைப் பிடிப்பார், எதிரணி உதைத்த பந்தை எடுத்துத் திரும்பவும் ஓடுவார். 2011-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக இந்த மூன்று வேலைகளிலும் சேர்த்து ஒரே பருவத்தில் 2,696 கெஜம் கடந்து சாதனை படைத்தார். 2009-இல் 232-வது ஆளாகத் தேர்வான ஜூலியன் எடல்மன், கல்லூரியில் ஆடிய இடத்தை விட்டுவிட்டுப் புதிய இடத்தைக் கற்றுக்கொண்டார். பத்தாண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில் அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். 130 என்பதும் 232 என்பதும் பெருமைப்படும் எண்கள் அல்ல. ஆனால் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து, "கடைசியில் ஒரு சீட்டை இவனுக்குச் செலவழிக்கலாம்" என்று முடிவெடுத்ததன் அடையாளம் அவை.

இந்தியக் கால்பந்திலும் டிராஃப்ட் நடந்ததுண்டு, அதுவும் மும்பையிலேயே. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் முதல் முறை, 2015-இல் அடுத்த முறை, 2017 ஜூலையில் மூன்றாவது முறை. 2015-இல் டிராஃப்டுடன் நடந்த ஏலத்தில் மும்பை சிட்டி அணி சுனில் சேத்ரியை 1.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017-இல் 205 பெயர்கள் கொண்ட பட்டியலிலிருந்து முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் அனஸ் எடத்தொடிகா, விலை 1.10 கோடி. ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதாவதொரு கிளப்பில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள். மாட்டுங்காவிலிருந்தோ கோழிக்கோட்டிலிருந்தோ ஒரு கல்லூரி ஆட்டக்காரன் நேராக வந்து உட்காரும் மேடையாக அது இருக்கவில்லை. 2017-க்குப் பிறகு அதுவும் இல்லை. கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன. நடுவில் ஏஜெண்டுகள், கீழே அகாடமிகள். அகாடமி 13, 14 வயதிலேயே ஆளைப் பொறுக்கிவிடுகிறது. இருபது வயதில் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருப்பவன் என்றால், ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ அவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள் என்று பொருள்.

ஏன் பிதுக்கினார்கள் என்பதில்தான் உயரத்தின் கதை தொடங்குகிறது. 14 வயதில் இரண்டு பையன்கள் ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும், ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் குழந்தைபோல் இருப்பான். முன்னவன் வேகமாக ஓடுவான், பலமாக உதைப்பான், தோளால் இடித்தே பந்தைப் பறிப்பான். தேர்வாளர் அவனைக் குறித்துக்கொள்வார். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்தது திறமையை அல்ல, சீக்கிரம் வந்த பருவத்தை. நம் நாட்டில் இதோடு இன்னொரு பிரச்சினையும் உண்டு: வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம். எலும்பை ஆராய்ந்து வயதைக் கணிக்கும் சோதனைகள் வந்த பிறகும் இந்தச் சந்தேகம் ஜூனியர் கால்பந்தை விட்டுப் போகவில்லை. 14 வயதுப் போட்டியில் 16 வயதுக்காரன் ஆடினால், முதலில் அடிபடுவது பருவம் தாமதமான, பிறப்புச் சான்றிதழை நேர்மையாகக் கொடுத்த சின்னப் பையன்தான்.

ஐரோப்பா இந்தத் தவறைப் புரிந்துகொள்ள வெகுநாள் பிடித்தது. அந்துவான் கிரீஸ்மனை உயரம் போதாது என்று பிரெஞ்சு கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. ஸ்பெயினின் ரியால் சோசிடாட் எடுத்துக்கொண்டது. அவரும் என்கோலோ கான்டேயும் சேர்ந்துதான் 2018-இல் பிரான்சுக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்தார்கள். கான்டேயின் கதை நம் சோட்டுவுக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்தடி ஆறங்குலம். பெரிய அகாடமி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பாரீஸின் புறநகர்ப் பகுதியில் ஒரு சிறு கிளப்பில் ஆடிக்கொண்டே கணக்கியல் படித்தார். விளையாட்டு கைகொடுக்காவிட்டால் கணக்கெழுதிப் பிழைக்கலாம் என்பது ஏற்பாடு. பத்தொன்பது வயதுக்குப் பிறகுதான் பூலோன் என்ற சிறிய அணியின் இரண்டாம் வரிசையில் இடம் கிடைத்தது. 2016-இல் லெஸ்டர், 2017-இல் செல்சி என்று அடுத்தடுத்து இரண்டு அணிகளோடு இங்கிலாந்துச் சாம்பியன் பட்டம் வாங்கினார்.

மெஸ்ஸியை வேண்டுமென்றே இங்கே இழுக்கவில்லை. மேதைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சின்னப் பையன்களில் எத்தனை பேர் மெஸ்ஸி ஆவார்கள் என்பதல்ல கேள்வி. எத்தனை பேர் ஒரு நல்ல அணியில் பதினோரு பேரில் ஒருவராக இருக்கத் தகுந்தவர்கள் என்பதுதான். பெல்ஜியம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு, பருவம் தாமதமான பையன்களுக்கென்றே ஜூனியர் தேசிய அணிகளோடு இணையாக ஓர் அணியை நடத்துகிறது. இங்கிலாந்து அகாடமிகள் பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. அப்படிப் பிரித்ததும், அதுவரை பலத்தால் வென்றவன் திடீரென்று யோசிக்க வேண்டியிருக்கிறது; அதுவரை யோசித்தே தப்பித்தவன் திடீரென்று ஜொலிக்கிறான்.

மும்பைக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஊர் கிரிக்கெட்டில் உயரத்தைப் பார்த்ததே இல்லை. சுனில் கவாஸ்கரும் சச்சின் டெண்டுல்கரும் ஐந்தரை அடியைத் தாண்டாதவர்கள். மாட்டுங்காவிலும் சிவாஜி பார்க்கிலும் வலைப்பயிற்சி நடத்தும் எந்த ஆசானும் ஒரு பையனைச் சுவரோடு நிறுத்தி அங்குலம் அளப்பதில்லை. மட்டை நேராக வருகிறதா, பந்தின் அளவை எவ்வளவு சீக்கிரம் கணிக்கிறான் என்றுதான் பார்க்கிறார். அதே ஊர், அதே பையன், பந்து மட்டும் பெரிதானால் டேப் வெளியே வந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் வெறும் மூடநம்பிக்கை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் 85-வது நிமிடம். எதிரணிக்குக் கார்னர். உள்ளே ஆறடிக்கு மேல் மூன்று வெளிநாட்டுக்காரர்கள். அப்போது ஐந்தடி நாலங்குலக்காரன் யாரைப் பிடித்துக்கொள்வான்? பயிற்சியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். நீளமாகத் தூக்கியடிக்கப்படும் பந்து, ஃபார் போஸ்டுக்கு வரும் கிராஸ், முதுகில் ஒருவன் சாய்ந்து நிற்கும்போது பந்தைக் காப்பது — இவற்றில் சின்ன உடல் தோற்கும். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது ஆறுதல் மொழி. அதை வைத்துக் கார்னரைத் தடுக்க முடியாது.

ஆனால் கால்பந்தில் ஒரு மனிதன் கார்னருக்கு நிற்கும் நேரம் எவ்வளவு, ஓடித் திரும்பும் நேரம் எவ்வளவு? குறைந்த உயரத்துக்குப் புவிஈர்ப்பு மையம் தாழ்வு. முதல் இரண்டு எட்டில் வேகம் பிடிக்கலாம், சின்ன வட்டத்தில் திரும்பலாம், சறுக்கும் மைதானத்தில் நிலை தவறாமல் இருக்கலாம். ஒதுக்குப்புறமான விங், ஃபுல் பேக், நடுக்களம் ஆகிய இடங்களில் தலையைவிட இடுப்புக்குக் கீழேதான் வேலை அதிகம். தலைதான் எல்லாம் என்று நினைக்கப்படும் ஸ்டாப்பர் இடத்திலேயே, ஆறடிக்கும் குறைந்த ஃபாபியோ கன்னவாரோ தலைமை தாங்கி 2006-இல் இத்தாலிக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். எப்போது குதிக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இரண்டு அங்குலம் இனாமாகக் கிடைக்கிறது. ஆக, உயரம் ஒரு தகவல், அது தீர்ப்பாகிவிடக்கூடாது.

இனி இரண்டாவது கேள்வி: எந்த இடத்தில் ஆடுவாய்?

பன்முக ஆட்டக்காரனைப் பற்றி இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பாடம் 1962-இல் ஜகார்த்தாவில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரைப் பின்களத்திலிருந்து எடுத்து, சென்டர் ஃபார்வர்டாக முன்னால் நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. அதே முன்வரிசையில் இருந்தவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, 2023-இல் மறைந்தவர். லெஃப்ட் அவுட்டா, இன்சைடா, சென்டர் ஃபார்வர்டா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லா இடத்திலும் ஆடியவர். ரஹீமின் அணியில் இடம் மாற்றுவது ஆள் இல்லாததற்குச் செய்யும் ஒட்டுவேலை அல்ல. ஆளைத் தெரிந்து செய்யும் திட்டம்.

இந்த வித்தியாசத்தை உலகுக்கு விளக்கியவர் பிலிப் லாம். ஐந்தடி ஏழங்குலம். ரைட் பேக்காக வளர்ந்தவர், பேயர்ன் மியூனிக்கில் இடமில்லாமல் 2003-இல் ஸ்டுட்கார்ட்டுக்கு இரவல் அனுப்பப்பட்டார். அங்கே வலப்பக்கத்தில் ஆள் இருந்ததால் இடப்பக்கம் நின்று கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் நடுக்களத்திலும் நிறுத்தப்பட்டார். 2014 உலகக் கோப்பையை ஜெர்மனியின் கேப்டனாக நடுக்களத்தில் தொடங்கி, காலிறுதி முதல் ரைட் பேக்காக ஆடி, கோப்பையோடு முடித்தார். அவருடைய பன்முகம் அவரைச் சில்லறை ஆட்டக்காரர் ஆக்கவில்லை. அவரை மையமாக வைத்துத்தான் மற்றவர்கள் இடம் மாறினார்கள்.

இங்கே, நம் லீகிலும் உதாரணங்கள் இருக்கின்றன. கோவாவின் மந்தார் ராவ் தேசாயி விங்கராக ஆடிக்கொண்டிருந்தவர். பயிற்சியாளர் செர்ஜியோ லொபேரா அவரை லெஃப்ட் பேக் ஆக்கினார். பின்னர் லொபேராவோடு மும்பை சிட்டிக்கு வந்த மந்தார், 2020-21-இல் அந்த அணி சாம்பியன் ஆனபோது அதில் இருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரரான மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் தாக்கும் நடுக்கள வீரராகப் பெயர் வாங்கியவர். ஏ.டி.கே. அணி 2019-20-இல் பட்டம் வென்றபோது இடப்பக்க விங் பேக்காக முழு நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஏ.டி.கே. அணியில் இருந்த இன்னொருவர் மும்பைக்காரர் ஜயேஷ் ராணே. உள்ளூர் அணியான மும்பை எஃப்.சி.யில் வளர்ந்தவர். உயரமோ பருமனோ அவருடைய சொத்து அல்ல. விங், ஸ்டிரைக்கருக்குப் பின்னால், நடுக்களம் என்று தேவைக்கேற்ப ஆடுவது அவருடைய தொழில். 2015-இல் பட்டம் வென்ற சென்னையின் அணியில் இருந்தார். 2017-இல் யாரும் எதிர்பாராத விதமாக ஐ-லீக் பட்டம் வென்ற ஐஸால் அணியில் இருந்தார். அதே ஆண்டு டிராஃப்டில் ஏ.டி.கே. அவரை எடுத்தது, 2020-இல் மூன்றாவது பட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐஸாலின் பயிற்சியாளர் காலித் ஜமீல், அதற்கு முன்பு பல ஆண்டுகள் மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளராக இருந்து வெளியேற்றப்பட்டவர். அவரும் ராணேயும் வடகிழக்கில் கோப்பையைத் தூக்கிய அதே பருவத்தில் மும்பை எஃப்.சி. லீகிலிருந்து கீழே இறங்கி, பிறகு கடையையே மூடியது. காலித் 2025-இல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். ராணே, பத்தாண்டு காலம் ஊர் ஊராகச் சுற்றிய பிறகு, 2023-24 பருவத்தில்தான் தன் சொந்த ஊரின் பெரிய அணியான மும்பை சிட்டியின் சட்டையைப் போட்டார். பக்கத்தில் இருப்பவனின் மதிப்பு அவன் தொலைவுக்குப் போன பிறகே தெரிகிறது.

இவற்றையெல்லாம் நல்லெண்ணக் கதைகள் என்று தள்ளிவிடலாம். கணக்கைத் தள்ள முடியாது. ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரு அணி ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் நிறுத்தலாம். 2017-18-இல் இது ஐந்தானது, 2021-22-இல் நான்கானது. இந்த நான்கு பேரையும் கிளப்புகள் எங்கே நிறுத்துகின்றன? ஸ்டாப்பர், நடுக்களத்தின் நடு, ஸ்டிரைக்கர் — அதாவது உயரமும் பருமனும் தேவைப்படும் முதுகெலும்பில். இந்தியர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஓரங்கள்: இரண்டு விங், இரண்டு ஃபுல் பேக், நடுக்களத்தில் ஓடி ஓடி உழைக்கும் ஓரிடம். சோட்டு ஆடிய அந்த ஐந்து இடங்களும் இவையேதான். தவிர, 2020-க்குப் பிறகு ஒரு ஆட்டத்தில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். பெஞ்சில் இருக்கும் ஒருவன் மூன்று இடங்களுக்குப் பயன்பட்டால், மிச்சமாகும் இரண்டு இருக்கைகளில் ஒரு உயரமான ஸ்டாப்பரையும் ஒரு ஸ்டிரைக்கரையும் உட்காரவைக்கலாம். அந்த 85-வது நிமிடக் கார்னருக்கு பதில் அங்கேதான் இருக்கிறது. சம்பளக் கணக்குப் பார்க்கும் மேலாளருக்கு இதைவிட மலிவான சரக்கு கிடைக்காது. 2025-26 பருவம் ஒப்பந்தச் சிக்கலால் தொடங்கவே தாமதமாகி, கிளப்புகள் செலவை நினைத்துக் கலங்கிய பின் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அதுவும் அணிக்கு அல்ல, பையனுக்கு. அலுவலகத்தில் எல்லா வேலையும் தெரிந்த குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். யார் விடுப்பில் போனாலும் அந்த நாற்காலிக்கு அவரைக் கூப்பிடுவார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் மட்டும் அவருக்கு நாற்காலி இருக்காது. கால்பந்திலும் அப்படித்தான். ரைட் பேக் காயமடைந்தால் சோட்டு, விங்கர் தண்டிக்கப்பட்டால் சோட்டு. ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே. ஃபுல் பேக்காக ஆடும்போது மைதானம் முழுவதும் கண்முன்னே விரிந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் கோடுதான். நடுக்களத்துக்கு வந்தால் நாலாப்பக்கமும் எதிரி. பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் பின்னால் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பழக்கங்கள் மாதக்கணக்கில் ஊற வேண்டியவை. வாரத்துக்கொரு இடம் மாறுகிறவனுக்கு எதுவும் ஊறாது. மூன்றாண்டு கழித்து, "எல்லா இடத்திலும் பரவாயில்லை, எந்த இடத்திலும் முதல் ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவனை அப்படி ஆக்கியது யார் என்று கேட்க ஆளிருக்காது.

முன்பெல்லாம் அப்படி அனுப்பப்பட்டவன் விழுவதற்கு மும்பையில் ஒரு மெத்தை இருந்தது. டாடா, மஃபத்லால், மஹிந்திரா, ஏர் இந்தியா, ரயில்வே, வங்கிகள், செம்பூரில் ஆர்.சி.எஃப். உர ஆலை என்று நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. கூப்பரேஜ் மைதானத்தில் மாலை ஆட்டம், காலையில் கையெழுத்துப் போட ஓர் அலுவலகம், அறுபது வயதில் ஓய்வூதியம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட நெவில் டிசூசா இந்த பம்பாய் கால்பந்தின் பிள்ளை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் "விளையாட்டு கோட்டா" என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை அங்கிருந்து வந்தது. அந்த உலகம் சுருங்கிவிட்டது. 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை 2000-01-க்குப் பிறகு நடக்கவில்லை. மஹிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. கிளப் உரிம நிபந்தனைகள் காரணமாக 2013-இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீகிலிருந்து நீக்கப்பட்டன. ரயில்வே போன்ற இடங்களில் இன்னும் கோட்டா உண்டு, பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் வரிசை நீளம். ஆகவே இருபது வயதில் ஒரு அணி சொல்லும் 'ஆம்' அல்லது 'இல்லை', அந்தப் பையனுக்கு முன்னெப்போதையும்விடக் கனமானது. 'இல்லை' என்றால் அடுத்த வாரமே முதுகில் டெலிவரிப் பை ஏறிவிடும். பயிற்சி நேரம்தான் அந்த வேலைக்கும் சுறுசுறுப்பான நேரம்.

எனவே கேள்விக்கு பதில்: எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, உயரத்தை அளப்பதானால் மற்றவற்றையும் அளக்க வேண்டும். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறான், இரண்டு காலாலும் பந்தை வாங்குகிறானா, 80-வது நிமிடத்திலும் முதல் எட்டில் அதே வேகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நூறு பையன்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. கல்லூரிப் போட்டிகளுக்குத் தேர்வாளர்கள் நேரில் போக வேண்டும். ஒரே பையனை மூன்று ஆட்டங்களில், மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். மாட்டுங்கா ஒன்றும் மணிப்பூர் தூரத்தில் இல்லை.

இரண்டாவது, எடுத்த அன்றே அவனுக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். "நீ ரைட் பேக். தேவைப்பட்டால் விங்கிலும் நடுவிலும் ஆடுவாய். ஆனால் உன் இடம் இது" என்று சொல்லிவிட வேண்டும். சொந்த வீடு இருப்பவன்தான் விருந்தாளியாக வேறு வீட்டுக்குப் போக முடியும். இல்லாதவன் எங்கே போனாலும் அகதிதான்.

மூன்றாவது, ஒப்பந்தம் இரண்டு பருவத்துக்காவது இருக்க வேண்டும். பட்டப்படிப்பை முடிக்க அனுமதியும் வேண்டும். கான்டேயின் கணக்கியல் படிப்பு அவருடைய ஆட்டத்தைக் குறைத்துவிடவில்லை. தோற்றால் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தவன் பயமில்லாமல் ஆடுவான்.

சோட்டுவின் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "எங்கே வேண்டுமானாலும் ஆடுவேன், சார்" என்பது பணிவான பதில். ஆனால் தவறான பதில். அதைக் கேட்கும் தேர்வாளரின் காதில் "எனக்கென்று ஓரிடம் இல்லை" என்றுதான் விழுகிறது. எந்த இடத்தில் தன்னால் அணிக்கு அதிக லாபம் என்று அவனே யோசித்து, அதை முதலில் சொல்லி, மற்ற நான்கையும் பிறகு சொல்லப் பழக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிப் பையனுக்கு 232-வது ஆளாகவாவது பெயர் வாசிக்கப்படும். வாசிக்கப்படாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். இங்கே யாரும் 'இல்லை' என்றுகூடச் சொல்வதில்லை. தேர்வு முடிந்ததும் "போன் பண்ணுகிறோம்" என்கிறார்கள். பையன் செம்பூரில் வண்டி ஏறி, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, தாராவிக்கு நடக்கிறான். அந்த வழி முழுக்கக் கையில் செல்போனைப் பிடித்தபடியே வருகிறான். மும்பைக் கால்பந்து அவனுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அவன் வீட்டு வாசலை அடைவதற்குள் ஒரு பதில்.